அட்டையை ஓரமாக வையுங்கள், முதலில் மாமனாரிடம் போங்கள்

கோலாலம்பூர் கெப்போங்கிலிருந்து ஒரு தாயார் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகள் ஐந்தாம் ஆண்டு, மகனுக்கு எட்டு வயது. மகளுக்கு செஜாரா, அதாவது வரலாற்றுப் பாடம் என்றால் ராத்திரி தேதிகளை மனப்பாடம் பண்ணுவதும் மறுநாள் மறந்துவிடுவதும்தான். குடும்ப மரம் வரைந்து அதை வைத்து வீட்டிலேயே வரலாறு சொல்லித் தரலாம் என்று யாரோ சொல்ல, பெரிய மணிலா அட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கணவர் பக்கம் கொள்ளுத்தாத்தா பெயரோடு நின்றுவிட்டது, தன் பக்கம் அதுவரைகூடப் போகவில்லை. பேராக்கில் சுங்கை சிப்புட்டில் 84 வயதில் மாமனார் இருக்கிறார், ஆனால் "அதெல்லாம் எதுக்கும்மா இப்போ" என்று ஒதுங்கிவிடுகிறாராம். எந்தச் செயலி நல்லது, எத்தனை தலைமுறை போக வேண்டும், எந்தக் காகிதங்களைத் தேட வேண்டும் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசி வரியில் "தோட்டத்திலிருந்து வந்த எங்களைப் போன்ற குடும்பத்துக்கு இதெல்லாம் சரிப்படுமா?" என்று முடித்திருக்கிறார். நிஜமான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதற்கே பதில் சொல்கிறேன்.

சரிப்படும். ஆனால் மரம் வரைவதால் அல்ல.

நான் பினாங்கில் இடைநிலைப் பள்ளிகளில் வரலாறு போதித்து ஓய்வு பெற்றவன். வம்சாவளி ஆராய்ச்சி எனக்குத் தொழில் கிடையாது. எதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள், எதைச் சொன்னால் ஜன்னல் பக்கம் திரும்புவார்கள் என்பதுதான் இத்தனை வருடத்தில் நான் கற்றது. என் குடும்பத்திலும் இந்த வேலையைச் செய்து பார்த்திருக்கிறேன், அதில் பாதி சொதப்பல். அதையும் சொல்கிறேன்.

மரத்தில் என்ன கோளாறு என்றால், அது பெயர்களின் பட்டியல். பெற்றோர் இருவர், தாத்தா பாட்டி நால்வர், அதற்கு மேல் எட்டு, அதற்கு மேல் பதினாறு. அந்த எட்டில் நான்கு பெயர் தெரிந்த குடும்பம் நம்மில் குறைவு, அதிலும் பெண்கள் பெயர் முதலில் காணாமல் போகும். "அவங்க பேரா? ஆயான்னுதான் கூப்பிடுவோம்" என்று எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன். தமிழில் பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று வரிசையாகச் சொல் இருக்கிறது, ஆனால் அந்த நாற்காலிகளில் உட்கார ஆள் இல்லை. சரி, பதினாறு பெயரும் கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள், மகளுக்கு என்ன லாபம்? மனப்பாடம் பண்ண இன்னும் பதினாறு பெயர். இன்னொரு செஜாரா பரீட்சை.

பெயரைக் கேட்காதீர்கள், பயணத்தைக் கேளுங்கள். யார் எங்கிருந்து எங்கே போனார்கள், ஏன் போனார்கள்? தோட்டத்துக் குடும்பம் என்று நீங்கள் கூச்சப்படும் இடத்தில்தான் இதற்கான சரக்கு கொட்டிக் கிடக்கிறது. ஊரிலிருந்து கப்பல், கப்பலிலிருந்து தோட்டம், ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்று, அப்புறம் பட்டணத்து அடுக்குமாடி வீடு. ஒவ்வொரு முறை மூட்டை கட்டியபோதும் பின்னால் ஒரு சட்டமோ, ஒரு விலைச் சரிவோ, ஒரு சண்டையோ நின்றிருக்கும். ஒரே ஊரில் நானூறு வருடம் அசையாமல் உட்கார்ந்த குடும்பத்துக்கு இந்த வசதி இல்லை.

என் வீட்டுக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா சேலம் ஜில்லாவிலிருந்து, தோட்டத்துக்கு ஆள் திரட்டும் கங்காணி மூலம் 1920-களில் வந்தவர். பினாங்கில் இறங்கி, பூலாவ் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் கிடந்து, கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனார். பிள்ளைகளில் பெரிய அத்தை 1928-இல் அந்தத் தோட்டத்தில் பிறந்தார். அடுத்தவர் பெரியப்பா, 1932, சேலம் பக்கத்துக் கிராமம். அடுத்தவர் என் அப்பா, 1936, மறுபடி கெடா. இந்த மூன்று வரியை ஒரு தாளில் எழுதி என் பேரன் கையில் கொடுத்தேன். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. பார்த்த உடனே கேட்டான், "நடுவுல மட்டும் ஏன் இந்தியா?" எங்கள் வீட்டில் காலங்காலமாகச் சொல்லி வந்த பதில், பாட்டி பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள் என்பது. நானும் ஐம்பது வயது வரை அதை நம்பிக்கொண்டு வகுப்பில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன், வெட்கக்கேடு. பால்மரம் வெட்டிக் காசு பார்க்கிற ஒரு பெண் பிரசவத்துக்கென்று கடல் தாண்டிப் போய் வருவாளா? 1930 முதல் 1932 வரை உலகமெங்கும் வியாபாரம் படுத்து, ரப்பர் விலை பாதாளத்துக்குப் போய், தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை தேறியதும் மறுபடி ஆள் கூப்பிட்டார்கள். என் தாத்தாவும் அப்படித்தான் போய் வந்திருக்க வேண்டும். காலம் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனால் கையில் காகிதம் எதுவும் இல்லை. இந்த வித்தியாசத்தைப் பேரனிடம் மறைக்காமல் சொன்னேன். விலை சரிந்ததும் ஆட்கள் அனுப்பப்பட்டதும் உறுதி, நம் தாத்தா அதில் ஒருவர் என்பது நம் கணிப்பு என்று.

கதை அங்கே முடியவில்லை. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று ஆனது. அப்பா இங்கே பிறந்தவர், குடிமக்களுக்கான நீல அடையாளக் கார்டு. பெரியப்பா அங்கே பிறந்தவர், குடியுரிமைக்கு மனுப்போடாமலே இருந்துவிட்டார், அதனால் சிவப்புக் கார்டு. 1970-இல் அவரும் பெரியம்மாவும் பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் ஏறினார்கள். நான் பத்து வயதுப் பையன், கூடப் போயிருந்தேன். பெரியப்பா ஒரு மில்லோ டின்னைத் துண்டில் கட்டித் தோளில் போட்டிருந்தார். உள்ளே என்ன என்று கேட்டதற்குப் பால்வெட்டுக் கத்தி என்றார். அந்த ஊரில் வெட்ட ரப்பர் மரம் ஏது? இதைக் கணிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை, கண்ணால் பார்த்தது. 1932-இல் ரப்பர் விலை எங்கோ சரிந்ததற்கு 1970-இல் ஒரு மனிதன் நாட்டை விட்டுப் போக வேண்டி வந்தது. பாடப்புத்தகத்தில் பொருளாதார மந்தம் ஒரு பக்கம், குடியுரிமை வேறொரு பக்கம், நடுவே நாற்பது பக்க இடைவெளி. வீட்டில் அந்த இரண்டும் ஒரே ஆளின் தலையில் விழுந்தன. ஆகவே முதல் வேலையாக, கணவரின் அப்பா தலைமுறையில் உடன்பிறந்தவர்கள் அத்தனை பேரும் பிறந்த ஊரை வயது வரிசையில் எழுதுங்கள். எங்கே ஊர் மாறுகிறதோ அங்கே விரலை வையுங்கள்.

அடுத்து, பெரியவர்களிடம் கேட்கும் விதம். எந்த வருடம் என்று கேட்காதீர்கள், வருடம் கேட்டால் பரீட்சை மாதிரி ஆகிவிடும், "ஞாபகம் இல்லம்மா" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். நம் பெரியவர்களுக்கு வேறொரு நாட்காட்டி இருக்கிறது. வெள்ளைக்காரன் காலம், ஜப்பான்காரன் காலம், கம்யூனிஸ்ட் காலம், மெர்டேக்கா (சுதந்திரம்), மே 13 (1969 கலவரம்). அதற்கு முன்னா பின்னா என்று மட்டும் கேளுங்கள், வருடத்தைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். ஜப்பான் காலம் 1941 டிசம்பர் முதல் 1945 வரை, கம்யூனிஸ்ட் காலம் எனப்படும் அவசரகாலம் 1948 ஜூன் முதல் 1960 ஜூலை வரை. அப்புறம், பெரிய கேள்வி வேண்டாம். அப்போது வாழ்க்கை எப்படி இருந்தது என்றால் "கஷ்டம்தான்" என்று ஒரு சொல் வரும். காலையில் பசியாற என்ன, யார் பக்கத்தில் படுப்பீர்கள், பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், பெரட்டுக்குப் போகும்போது தம்பி தங்கையை யாரிடம் விட்டீர்கள் என்று கேளுங்கள். ஜப்பான் காலம் என்றால் மரவள்ளிக்கிழங்கு வந்தே தீரும், அது வந்ததும் ஏன் அரிசி இல்லை என்று மகள் கேட்பாள். பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் (இன்றைய தாய்லாந்து) அரிசி வந்துகொண்டிருந்த நாடு இது, சண்டையில் அது சுருங்கிப் போனது என்று நீங்கள் நிலப்படத்தை விரிக்கலாம். கையால் செய்து காட்டச் சொல்வது இன்னும் நல்லது. என் மாமியாரிடம் மரம் எப்படி வெட்டுவீர்கள் என்று கேட்டபோது வாயால் ஒன்றும் சொல்லாமல், பென்சிலைக் கத்தி மாதிரிப் பிடித்து, பேரனின் முழங்காலை மரமாக்கி, சாய்வாக ஒரு கோடு இழுத்து, கீழே பால் பிடிக்கும் மங்கு வைக்கிற இடத்தில் விரலால் ஒரு தட்டு தட்டினார். எழுபது வருடத்துப் பழக்கம், கை மறக்கவில்லை.

இன்னொன்று. கேள்வியைப் பிள்ளைதான் கேட்க வேண்டும், நீங்கள் வாயே திறக்கக் கூடாது. மருமகள் கேட்டால் "எதுக்கு" என்பவர், பேத்தி கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

சொல்வதெல்லாம் உண்மையாக இருக்குமா? இருக்காது. ஆனால் காகிதத்தில் இருப்பதும் அப்படித்தான். மாமியாரிடம் ஒரு நீல பிஸ்கட் டின் இருந்தது. அதில் அடையாளக் கார்டு, கோவில் ரசீதுகள், வாழைமரம் போட்ட ஜப்பான் காலத்துப் பத்து டாலர் நோட்டு ஒன்று. "ஜப்பான்காரன் வந்தப்ப எனக்குப் பத்து வயசு" என்பது அவர் எப்போதும் சொல்வது. பேரன் அடையாளக் கார்டு எண்ணைப் பார்த்தான், 35 என்று தொடங்கியது. "பாட்டி, உங்களுக்கு அப்ப ஆறு வயசுதான்." கிழவிக்கு வந்ததே கோபம். "நான் பொய்யா சொல்றேன்? சுங்கை பட்டாணியில குண்டு போட்டப்ப என் தம்பிய இடுப்புல தூக்கிட்டுக் காட்டுக்குள்ள ஓடினவ நானு." தம்பிக்கு அப்போது என்ன வயது? பல் முளைத்து நடக்க ஆரம்பித்து நன்றாகப் பேசுவான், மூன்று இருக்கும். சரி, ஆறு வயதுப் பிள்ளை மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்து ஓட முடியுமா? பேரனிடம் அவன் தங்கையைத் தூக்கி ஓடச் சொன்னோம். ஒன்பது வயதுப் பையனே கூடத்திலிருந்து வாசல் வரை போய் மூச்சு வாங்கி நின்றுவிட்டான். அப்போது கார்டு தப்பா? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. பிறப்புப் பத்திரம் இல்லாதவர் அவர். 1948-இல் அவசரகாலத்தில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் பதிந்து அடையாளக் கார்டு கொடுத்தபோது, தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) உத்தேசமாக ஒரு வயதைச் சொல்லியிருப்பார், அதுவே பின்னால் வந்த கார்டுகளுக்கும் ஏறியிருக்கும். ஊர்ஜிதம் இல்லை, ஆனால் பாட்டி பக்கம் கனம் கூடுதல். ஒரு ஆதாரத்தை இன்னொன்றால் உரசிப் பார்ப்பது என்று நான் படிவம் ஆறு மாணவர்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதிப் போட்டதை இந்தப் பையன் தங்கையைத் தூக்கிக்கொண்டு ஓடிக் கற்றுக்கொண்டான்.

காகிதங்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டில் இருப்பதிலிருந்தே தொடங்குங்கள். அடையாளக் கார்டு எண்ணில் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி என்பது பிள்ளைகளுக்கே தெரியும், அடுத்த இரண்டு இலக்கம் பிறந்த மாநிலம் என்பது பல பேருக்குத் தெரியாது. பினாங்குக்கு 07, பேராக்குக்கு 08, சிலாங்கூருக்கு 10, கோலாலம்பூருக்கு 14. வீட்டிலுள்ள எல்லார் கார்டையும் மேசையில் பரப்பினால் அதுவே ஒரு இடப்பெயர்வு வரைபடம். பழைய பிறப்புப் பத்திரத்தில் அப்பாவின் தொழில், பிறந்த தோட்டத்தின் பெயர் ஆகியவை இருக்கும். பெயர்களின் எழுத்துக்கூட்டலை மட்டும் நம்பாதீர்கள், ஒரே முனியம்மா மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருப்பார். வெளியே போனால், கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் உங்களுக்குப் பக்கம்தான், தொழிலாளர் இலாகா கோப்புகளெல்லாம் அங்கே உண்டு. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது, மலாயாச் செய்திகளும் நிறைய. ஆனால் அதில் உங்கள் கொள்ளுத்தாத்தா பெயரைத் தேடி ஏமாறாதீர்கள். கூலிக்காரர் பெயர் பத்திரிகையில் வந்தால் விபத்தாகவோ வழக்காகவோ இருக்கும். தோட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், ஏதாவது கிடைக்கும்.

தோட்டத்தின் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஆட்கள் தோட்டத்துக்குத் தாங்களே தமிழில் ஒரு பெயர் வைத்திருப்பார்கள், நிலப்படத்தில் துரை வைத்த பெயர் இருக்கும், இரண்டுக்கும் சம்பந்தமே இராது. இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி கோவில். தோட்டம் போய் வீடமைப்புப் பகுதியான பிறகும் பல இடங்களில் அந்தப் பழைய மாரியம்மன் கோவில் நிற்கிறது, திருவிழாவுக்குச் சிதறிப்போன குடும்பங்கள் வந்து சேர்கின்றன. அன்றைக்குப் பிள்ளைகளோடு போய், வயதான ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். இன்னொரு விஷயம், கங்காணி பெரும்பாலும் தன் ஊர், பக்கத்து ஊர், சொந்தபந்தம் என்றுதான் ஆள் திரட்டினார். ஆகவே அதே தோட்டத்தில் பக்கத்து வீட்டார் தங்கள் பூர்வீக ஊரைச் சொன்னால் உங்கள் ஊரும் அதைச் சுற்றி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வாய்ப்புத்தான், சாட்சி அல்ல. ஊர் கிடைத்தாலும் ஜில்லாவைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அன்றைய சேலம் ஜில்லா இன்றைக்கு நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று பிரிந்து கிடக்கிறது.

குடும்பங்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதைகளில் சிலவற்றைச் சோதிக்கவும் தேதி உதவும். "சஞ்சிக்கூலியாக வந்தவங்க நாங்க" என்று, அதாவது ஒப்பந்தக் கூலியாக வந்ததாக, நிறையப் பேர் சொல்வார்கள். ஒப்பந்தக் கூலிக்கு ஆள் எடுப்பது 1910-இல் நின்றுவிட்டது. தாத்தா 1925-இல் வந்தவரென்றால் அது கங்காணி முறையாகவோ சொந்தச் செலவாகவோதான் இருக்கும். கூலி வேலைக்கு உதவி கொடுத்து ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடை செய்தது, ஆகவே அதற்குப் பின் கங்காணியோடு வந்தார் என்றால் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். இன்னொரு கோடியில், "நாங்கள் ராஜேந்திர சோழன் படையோடு கடாரத்துக்கு வந்த வழி" என்பவர்களும் உண்டு. சோழர் படையெடுத்தது 1025, அது உறுதி. கடாரம் என்ற கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோவில் அடித்தளங்களைப் போய்ப் பார்க்கலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் ஆயிரம் வருடத்துக்குக் குடும்பத் தொடர்பு காட்ட யாராலும் முடியாது. படையில் வந்தவன் பேரன் என்று சொல்வதில் உள்ள சந்தோஷம், கப்பலின் அடித்தட்டில் வந்தவன் பேரன் என்பதில் ஏன் இல்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

சில விஷயங்கள் கிண்டும்போது வெளியே வரும், தயாராக இருங்கள். இரண்டாவது குடும்பம், கள்ளுக்கடை, தூக்குப் போட்டுக்கொண்டவர், சீனக் குடும்பத்திலிருந்து குழந்தையாகத் தத்தெடுத்து வளர்த்த அத்தை. இந்தக் கடைசி விஷயம் நம் நாட்டில் நிறைய வீடுகளில் உண்டு, மூடி மறைப்பதும் உண்டு. பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள். "இதில் ஒரு கதை இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பெரியவளானதும் சொல்கிறேன்" என்றால் போதும், பிள்ளைகள் அதை ஏற்பார்கள். உயிரோடு இருப்பவர் விஷயமென்றால் அவரிடம் கேட்காமல் எதையும் எழுதாதீர்கள், அடையாளக் கார்டு எண்ணை எந்த இணைய மரத்திலும் ஏற்றாதீர்கள். சாதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வேர் தேடுகிறேன் என்று கிளம்பிக் கடைசியில் "நாங்க யாரு தெரியுமா" என்று திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் திசையில் மகளை அனுப்ப வேண்டாம். சாதி லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எப்படி இருந்தது, யார் யார் வீட்டில் தண்ணீர் குடித்தார்கள் என்று கேட்பது வேறு, அது வரலாறு, கட்டாயம் கேளுங்கள்.

நான் செய்த தப்பு ஒன்று. ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் படிவம் ஒன்று வகுப்பு முழுவதற்கும் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னேன். ஒரு பையன் வெறும் தாளைக் கொடுத்தான். சோம்பேறி என்று எல்லார் முன்னாலும் திட்டினேன். அவன் ஒரு காப்பகத்தில் வளர்கிறவன் என்று ஆசிரியர் அறையில் இன்னொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன், தலையாட்டினான், அதற்கப்புறம் என் வகுப்பில் அவன் கை தூக்கியதே இல்லை. பிறகு அந்த வேலையை மாற்றி, உனக்குத் தெரிந்த வயதானவர் யாரானாலும் சரி, அவர் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு வந்த கதையைக் கேட்டு வா என்று கொடுத்தேன். கடைக்காரர், பள்ளிக் காவலாளி, பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி என்று வந்தது. நேராகச் சொன்னால், குடும்ப மரத்தைவிட அதில் வரலாறு கூடுதலாக இருந்தது. உங்கள் பக்கம் பெயர் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டீர்களே, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

இதனால் மகளுக்கு மதிப்பெண் கூடுமா என்றால், உத்தரவாதம் தர மாட்டேன். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் என்ற இருவர் 2001 வாக்கில் இருபது கேள்வி வைத்துப் பார்த்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் என்ற மாதிரிக் கேள்விகள். குடும்பக் கதை கூடுதலாகத் தெரிந்த பிள்ளைகள் மனத்தெம்போடு இருந்தார்கள் என்று வந்தது. இதைப் பலரும் மந்திரம் மாதிரி மேற்கோள் காட்டுகிறார்கள். கதை தெரிந்ததால் தெம்பா, சேர்ந்து உட்கார்ந்து பேசுகிற வீடு என்பதால் இரண்டுமே வந்ததா? அந்த ஆய்வை வைத்து அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. என் வகுப்பு அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான், தன் வீட்டு ஆள் ஒருவர் நின்ற வருடத்தைப் பிள்ளை மறப்பதில்லை.

மகனுக்கு எட்டு வயது என்பதால் வருடக் கணக்கு இன்னும் பிடிபடாது. ஒரு துணிக்கயிறைக் கூடத்தில் கட்டுங்கள், ஒரு சாண் பத்து வருடம். அவன் பிறந்தது கயிற்றின் நுனியிலேயே ஒரு சாணுக்குள் வந்துவிடும், அப்பா நாலைந்து சாண் தள்ளி, தாத்தா எட்டு சாணுக்கும் மேலே. துணி மாட்டும் கவ்வியில் துண்டுச்சீட்டு வைத்துத் தொங்கவிடலாம். மெர்டேக்காவையும் ஜப்பான்காரனையும் அதே கயிற்றில் மாட்டுங்கள். மணிலா அட்டையைவிட இது பிரயோஜனம், தப்பாக மாட்டினால் கழற்றியும் மாட்டலாம்.

எங்கள் கயிற்றில் ஒரு கவ்வி மட்டும் இடம் கிடைக்காமல் நுனியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. மாமியாரின் சித்தப்பா. 1943-இல் ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. 415 கிலோமீட்டர் பாதை, 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கில் தமிழர்கள் போனார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் கணக்குக்குக் கணக்கு வேறுபடுகிறது. அவர் இறந்த திதி தெரியாததால் வீட்டில் ஆடி அமாவாசைக்குத்தான் படைக்கிறோம். "அவர் சீட்டில் என்ன தேதி எழுத?" என்று பேரன் கேட்டான். ஒன்றும் எழுதாதே என்றேன். வெற்றுச் சீட்டாகவே மாட்டியிருக்கிறான்.

இனி உங்கள் மாமனார். 84 வயது, சுங்கை சிப்புட் என்கிறீர்கள். அங்கேயே வளர்ந்தவராக இருந்தால் நீங்கள் ஒரு புதையல் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள். 1948 ஜூன் 16, அந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதையொட்டித்தான் அவசரகாலமே அறிவிக்கப்பட்டது. அன்றைக்கு உங்கள் மாமனாருக்கு ஏறக்குறைய எட்டு வயது, உங்கள் மகன் வயதுதான். ஜப்பான் காலம் அவருக்கு நினைவிருக்க வழியில்லை, அதைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். ஆனால் லயத்தைச் சுற்றிப் போட்ட கம்பி வேலி, ஊரடங்கு, வேலைக்காட்டுக்குச் சோறு எடுத்துப்போக விடாமல் கேட்டில் சோதனை போட்டது, இதில் ஏதாவது ஒன்று கட்டாயம் நினைவிருக்கும். 1960-இல் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிப் பத்துப் பத்து வெள்ளியாக வசூலித்தபோது அவர் இருபது வயது இளைஞர், சம்பந்தனே சுங்கை சிப்புட்காரர் என்பதால் அதைக் கேட்டால் உற்சாகமாகப் பேசக்கூடும். அடுத்த பள்ளி விடுமுறை வரை தள்ளிப்போடாதீர்கள், இந்த ஞாயிறே கிளம்புங்கள். மகன் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "தாத்தா, என் வயசுல உங்க வீட்டைச் சுத்தி வேலி இருந்துச்சா?"

திரும்பி வந்ததும் தோட்டத்தின் தமிழ்ப் பெயரை மட்டும் இங்கே எழுதுங்கள். அந்தப் பக்கத்தில் வேலை பார்த்த ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர் எனக்குப் பழக்கம், நிலப்படத்தில் அது எது என்று விசாரித்துச் சொல்கிறேன்.